பாக்கியம் இல்லம், பயன்பாடு: குடியிருப்பு

21.1.2025, செவ்வாய்

இன்று முழுக்க என் குரல் என்னையே துரத்தியது. போன வாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் செபஸ்தியான் சார் போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "தமிழ்மணி, நல்லாக் கனிவாப் பேசும்மா" என்றார். பேசினேன். "அன்பார்ந்த பொதுமக்களே, சொத்து வரியை உடனே செலுத்துங்கள். உங்கள் வரி, உங்கள் தெருவுக்கே." அதைப் பதிவு செய்து, ஓர் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் சுற்ற விட்டிருக்கிறார்கள். நான் ஒரு வீட்டு வாசலில் நின்று பாக்கி கேட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னாலேயே நான் கனிவாக வந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஸ்பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தம்மா எவ்வளவு மரியாதையாக் கேக்குது, நீங்க ஏன் மேடம் கடுகடுன்னு நிக்கிறீங்க?" என்றார்.

பதினாறு வருடமாக மாநகராட்சியில் பில் கலெக்டர். அப்பா இதே ஆபீசில் பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் வந்த வேலை. இந்த வேலையில் மனுஷர்களை வாசல்படியில்தான் பார்க்கிறேன். வாசல்படியில் யாரும் அழகாக இல்லை. மூன்று கார் நிற்கிற வீட்டில், ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்று ஐயாவே வந்து சொல்கிறார். இன்னொருவர் ரோடு போட்டால்தான் கட்டுவேன் என்றார். ரோடு போட்ட தெருக்காரரோ, ரோட்டை உயர்த்திவிட்டதால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, அதனால் கட்ட மாட்டேன் என்றார். சீ, என்ன பிழைப்பு.

மார்ச் 31க்குள் நூற்றுக்கு நூறு வசூலிக்க வேண்டுமாம். நூற்றுக்கு நூறு! என் மகள் ப்ரீத்தியின் கணக்கு டீச்சர்கூட அப்படிக் கேட்பதில்லை.

28.1.2025

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனேன். பாக்கிப் பட்டியலில் முதல் பெயர் காளியாயி. ஆறு அரையாண்டு பாக்கி. ஓட்டுக் கூரை, முந்நூற்று நாற்பது சதுர அடி. முன்னறையில் ஒரு தையல் மெஷின், பின்னறையில் அடுப்பு, அவ்வளவுதான் வீடு. கணவர் பெரியண்ணன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். வாசலில் சாக்கடை வழிந்து கல்லுக்குக் கல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நான் தாண்டும்போது, எங்கோ தெருமுனையில் என் குரல், "உங்கள் தெருவுக்கே" என்றது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பது வயதிருக்கும் அந்தம்மாவுக்கு. ஊசியை வாயில் கவ்வியபடியே பேசினாள்.

"மேடம், நான் வரி கட்டாதவ இல்ல. எங்க மாமனார் காலத்துலேர்ந்து கட்டுன ரசீது வச்சிருக்கேன். திடீர்னு மூணு மடங்கு போட்டா எங்கேர்ந்து கட்டுவேன்? பழைய வரிய எடுத்துக்கிட்டு வந்தேன். அது செல்லாதுன்னுட்டாங்க."

"வரி எல்லாருக்கும்தான் ஏறியிருக்கு."

"எல்லாருக்கும் ஏறுச்சு, சரி. பக்கத்து வீட்டுக்கு ஏறுனது ஒரு பங்கு, எனக்கு மட்டும் மூணு பங்கா? கேட்டா, உங்களுது கடைங்கிறாங்க. கடையாம்! எங்கேங்க கடை? நாங்க மூணு பேரு இதுலதான் படுக்குறோம். கடைன்னு யாரு மேடம் எழுதுனது?"

தெரியாது, ஆபீசில் பார்க்கிறேன் என்றேன்.

தெரியாதா?

3.2.2025, திங்கள்

2022 படிவங்கள் பீரோவின் அடித்தட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அந்த வருடம் வரியை மாற்றி அமைத்தபோது வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்தோம். நீளம், அகலம், எத்தனை தளம், எத்தனை வருடம் ஆன கட்டடம், என்ன பயன்பாடு எல்லாவற்றையும் சொந்தக்காரரே எழுதித் தரவேண்டும். தெருவுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதோடு பெருக்கினால் வரி. எல்லாவற்றையும்விடப் பெரியது அந்தப் பயன்பாடு என்கிற கட்டம். குடியிருப்பு என்று எழுதினால் ஒரு விதம், வணிகம் என்று எழுதினால் தலையில் இடி. அதே செங்கல், அதே சிமென்ட். ஒரு வார்த்தை.

காளியாயி படிவம் கிடைத்தது. கைநாட்டுதான் அவளுடையது. மற்றதெல்லாம் என் கையெழுத்து. பயன்பாடு: வணிகம்.

ஞாபகம் வந்துவிட்டது. அவள் வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. "இங்கு பிளவுஸ், யூனிபார்ம் தைக்கப்படும்." சந்து முழுக்கச் சாக்கடை. நான் ஸ்கூட்டியைவிட்டு இறங்கவில்லை. படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, கைநாட்டு வாங்கி வரச் சொன்னேன். பலகையைப் பார்த்தேன், வணிகம் என்று எழுதினேன், போய்விட்டேன். செருப்பு நனையக்கூடாது. அதுதான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை.

படிவம் எழுதியதில் தவறு இருந்தால் மனுக் கொடுக்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான்.

4.2.2025

இன்றும் சந்து வழியாகத்தான் போனேன். அவளிடம் சொல்லவில்லை.

17.2.2025, திங்கள்

செபஸ்தியான் சாரிடம் போய், இந்த வீட்டைத் தவறாகக் கடை என்று போட்டிருக்கிறோம், மாற்ற வேண்டும் என்றேன். "போட்டிருக்கிறோம்" என்றேன். "போட்டேன்" என்று வாயில் வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "ஏம்மா, மார்ச் மாசத்துக்கு முன்னாடி வந்து குறைக்கணும்னு சொல்றியே. உன் வார்டுல ஒண்ணக் குறைச்சா மொத்தத் தொகை இறங்கும். மேல இருக்கிறவரு கையெழுத்துப் போட மாட்டாரு. ஒண்ணு செய். குறைக்கிறதுக்கு ஈடா, விட்டுப் போனது ஏதாவது புடிச்சுக்கிட்டு வா. வீடுன்னு சொல்லிக் கடை நடத்துறவன் எவனாவது இருப்பான்ல? ரெண்டையும் ஒரே பைல்ல வச்சுத் தரேன், கையெழுத்தாயிடும்."

எங்கள் வேலை இப்படித்தான் நடக்கிறது. ஒருத்தி தலையில் தவறாக வைத்ததை இறக்க வேண்டுமென்றால், இன்னொரு தலை தேட வேண்டும்.

தேடவே வேண்டாம். எந்தத் தலை என்று எனக்குத் தெரியும். 

19.2.2025

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

என் வார்டிலேயே, பெரிய தெருவில், பாக்கியம் இல்லம் என்று ஒரு கட்டடம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாக்கியநாதனுடையது. கீழே ஹால், நானூறு நாற்காலி போடலாம். மாடியில் பந்தி. பின்னால் சமையல்கட்டு, ஆறு அடுப்பு. முகூர்த்த நாளில் வாசலில் வாழை கட்டி, சீரியல் லைட் போட்டு, நாதஸ்வரம் தெருவையே அடைக்கும். மண்டபம் என்று பலகை மட்டும் கிடையாது. இல்லம்! கல்யாணப் பத்திரிகைகளில்கூட "பாக்கியம் இல்லத்தில்" என்றுதான் அடிக்கச் சொல்வார். நல்ல கெட்டிக்காரர்.

ஜூன் 2022. ப்ரீத்தி பெரியவளாகி ஒரு மாதம். ஊர் கூட்டிச் சடங்கு செய்யாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று மாமியார் பிடிவாதம். முந்நூறு பேர். நல்ல நாளில் எங்கேயும் மண்டபம் இல்லை. பாக்கியம் இல்லத்தில் பன்னிரண்டாம் தேதி காலி என்றார்கள். ஐயாயிரம் முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் பாக்கியநாதனே போன் செய்தார். "தமிழ்மணிம்மா, உங்க பொண்ணு எம் பொண்ணு மாதிரி. வாடகையெல்லாம் பேசாதீங்க. மொய்னு நினைச்சுக்கங்க" என்றார். முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

சடங்கு முடிந்த மறுநாள் அவர் வீட்டுப் படிவம் வந்தது. எல்லாம் டைப் அடித்து, அழகாக. பயன்பாடு என்கிற கட்டம் மட்டும் காலி. "அதை நீங்களே பார்த்து எழுதிடுங்கம்மா" என்று சிரித்தார். கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேனோ?

மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். கொஞ்சம் கூட்டித்தான் செய்வோம். நான் கூட்டியே செய்தேன். குடியிருப்பு என்று எழுதினேன்.

பிளவுஸ் தைக்கிற முன்னறை கடை. நானூறு இலை விழுகிற கட்டடம் வீடு. இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே பேனாவில் எழுதியிருக்கிறேன். 

24.2.2025, திங்கள்

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பாக்கியம் இல்லம் போனேன். மறு அளவீடு என்றேன். பாக்கியநாதன் வாசலுக்கு வந்து வரவேற்றார். ஹாலின் நடுவே ஒரு கட்டில், ஒரு பிரிட்ஜ், சுவரோடு ஒரு டிவி. பிரிட்ஜுக்கு பிளக்கே சொருகவில்லை. எனக்கு முன்னால் யாரோ அவருக்குப் போன் செய்திருக்கிறார்கள். வேறென்ன.

"குடும்பம் இங்கேதான இருக்கு தங்கச்சி. சொந்தபந்தம் கேட்டா ஒரு நாள் ரெண்டு நாள் குடுக்கிறதுதான். பணம் வாங்குறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சிரித்துக்கொண்டே, மெதுவாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மனைவியை அழைத்துக் காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். குடித்துவிட்டு வந்தேன்! த்தூ.

மாடியில் பந்தி டேபிள்களை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே ஓர் இலை நசுங்கிக் கிடந்தது.

5.3.2025, புதன்

காளியாயி வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவு வந்தது. நான்தான் கூட நிற்க வேண்டும். குழாய் வேலை பார்க்கும் அப்துல் அஹத் பாய் கடப்பாரையோடு வந்தார். தோண்டும்போது என்னைப் பார்த்து, "இந்தப் பாவத்துக்கெல்லாம் அல்லா என்னைத்தான் கேப்பான் மேடம், உங்கள விட்டுருவான்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

காளியாயி சண்டை போடவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. இரண்டு குடத்தை எடுத்து வெளியே வைத்தாள். வாசலில் தகரப் பலகை இல்லை.

"பலகை எங்க?" என்றேன்.

"கழட்டிட்டேன். அதனாலதான் கடைன்னு போட்டாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. இப்ப துணி குடுக்கவும் யாரும் வரல. இந்தச் சந்துக்குள்ள இப்படி ஒருத்தி தைக்கிறான்னு யாருக்குத் தெரியும்?"

கடப்பாரை குழாயில் பட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

7.3.2025

சொல்லிவிட்டேன். காலையில், ஆபீசுக்குப் போகும் முன் நேராக அங்கே போனேன். இந்தத் தடவை சாக்கடையில் கால் வைத்துத்தான் போனேன், கல் தேடவில்லை. "அக்கா, கடைன்னு எழுதுனது நான்தான். வண்டியைவிட்டு இறங்காம எழுதிட்டேன்."

அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ஏன் இறங்கல?"

சொன்னேன். செருப்பு என்று.

என் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூணு வருசமா தூங்காமக் கிடந்தேங்க. அவரு மேல எரிஞ்சு விழுந்தேன், மாமியாளு சாபம்னு கோயிலுக்கெல்லாம் போனேன். செருப்புக்காகவா?" என்றாள். பிறகு, "நீங்க போங்க மேடம். இப்ப என் மூஞ்சிக்கு முன்னாடி நிக்காதீங்க."

வந்துவிட்டேன். அவள் வேறென்ன சொல்வாள்? திட்டியிருந்தால் தேவலை.

10.3.2025

பாக்கியம் இல்லத்தின் பெயரை செபஸ்தியான் சாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் விசிலடித்தார். "நானும் அங்க ரெண்டு கல்யாணம் சாப்பிட்டிருக்கேன். ஆனா வாய்ல சொன்னா எடுபடாதும்மா. நாளைக்கே வக்கீல கூட்டிக்கிட்டு வருவாரு. வாடகைக்கு விட்டதுக்கு ஒரு ரசீது, ஒரு சீட்டு, அவரு கையெழுத்தோட ஏதாவது ஒண்ணு கொண்டா."

அங்கே விசேஷம் நடத்திய நான்கு குடும்பங்களைத் தேடிப் போனேன். காட்டூரில் ஒன்று, உறையூரில் எங்கள் தெருவிலேயே ஒன்று. மூன்று வீட்டில் ரசீதே இல்லை. வைத்திருந்த ஒருவரும், "நமக்கெதுக்கு மேடம் வம்பு, நாளைக்கு இன்னொரு விசேஷத்துக்கு அவருகிட்டதான போய் நிக்கணும்" என்றார். ஊரே அவரிடம் சாப்பிட்டிருக்கிறது. நான் மட்டும் என்னவோ தனிச்சாதி மாதிரி அலைகிறேன்.

14.3.2025, வெள்ளி

லால்குடியில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்க்க என் வீட்டுக்காரர் ரஞ்சித் மொய் நோட்டை எடுத்தார். பொண்ணுக்குச் சடங்கு செய்த நோட்டு, மஞ்சள் தடவிய அட்டை. புரட்டும்போது முதல் பக்கத்தில் குண்டூசி குத்தி ஒரு சீட்டு.

"பாக்கியம் இல்லம். 12.6.2022, ஞாயிறு. மஞ்சள் நீராட்டு விழா. தமிழ்மணி, உறையூர். முன்பணம் ரூ.5,000 பெற்றுக்கொள்ளப்பட்டது. மீதி வாடகை விழா அன்று." கீழே பாக்கியநாதன் கையெழுத்து, தேதி.

ஊரெல்லாம் தேடியது என் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. முன்பணம் திரும்பியதோடு சீட்டும் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

பின்பக்கம் திருப்பினேன். அவர் கையெழுத்திலேயே, "முன்பணம் திருப்பித் தரப்பட்டது. வாடகை வேண்டாம்" என்று எழுதி, மறுபடியும் கையெழுத்து. பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று என் கையெழுத்து. கெட்டிக்காரர் என்று எழுதினேனே, அது இதுதான். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்யும்போதே என்னைக் கட்டிப்போடக் கயிறும் திரித்திருக்கிறார்.

முன்பக்கம் அவருக்கு எதிரி. பின்பக்கம் எனக்கு.

15.3.2025

ரஞ்சித் துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார். "முன்பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடு மணி. அவ்வளவுதான் வேலை" என்றார்.

"பின்பக்கம்?"

"பின்பக்கத்த யாரு கேட்டா?"

ப்ரீத்தி உள்ளே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நாளாக அதே பாடம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அதற்குப் பிறகு ப்ளஸ் ஒன் சேர்க்க வேண்டும். என் சம்பளத்தில்தான் வீட்டு லோன் போகிறது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, அந்தச் சத்தமே சொன்னது.

19.3.2025, புதன்

முன்பக்கம் மட்டும் ஜெராக்ஸ். ஒரு ரூபாய்.

செபஸ்தியான் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "அட, உன் பேருலேயே! பலே. வாடகை குடுத்து எடுத்ததுன்னு நீயே ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்துரு, போதும். ஒரிஜினல அப்புறமா காட்டு. காளியாயிதையும் இதையும் சேர்த்து அனுப்பிடுறேன்" என்று வெள்ளைத் தாளை நீட்டினார்.

பேனாவை எடுத்தேன். "தமிழ்மணி ஆகிய நான்" வரைக்கும் வந்தேன். "வாடகை கொடுத்து" என்று எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியதும் ஒரு வார்த்தைதான். அதே கை, அதே மேஜை. இதையும் எழுதிவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன். காளியாயிக்குத் தண்ணீர் வரும். எல்லாருக்கும் நல்லதுதானே? அப்புறம் ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

தலைவலி என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காவேரிப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திச் சும்மா நின்றேன். மணல்தான் தெரிந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், கிளம்பிவிட்டேன்.

22.3.2025

பாக்கியநாதன் போன். எப்படித் தெரிந்ததோ. "தங்கச்சி, அந்தச் சீட்டுக்குப் பின்பக்கம் ஒண்ணு எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கா? அதோட ஜெராக்ஸ் எங்கிட்டயும் இருக்கு. பாப்பா பரீட்சை எழுதுற நேரம், பாத்து நடந்துக்கங்க."

பாப்பா! அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.  

ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அவர் சொல்லி வெளியே வருவதைவிட நானே சொல்வது மேல். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. போன் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

24.3.2025, திங்கள்

ஒரிஜினல் சீட்டை செபஸ்தியான் சார் மேஜையில் வைத்தேன். பின்பக்கம் மேலே தெரிய வைத்தேன். கூடவே ஒரு வாக்குமூலம், ஒன்றரைப் பக்கம். வாடகை கொடுக்கவில்லை, அதற்குப் பதிலாகப் படிவத்தில் குடியிருப்பு என்று நானே எழுதினேன், காளியாயி வீட்டைப் பார்க்காமலே வணிகம் என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத எடுத்துக்கிட்டுப் போயிடு தமிழ். நான் பாக்கல. முன்பக்கமே போதும்மா."

"அவருகிட்ட ஜெராக்ஸ் இருக்கு சார்."

"அப்ப சரி." சீட்டை வாக்குமூலத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். "உங்கப்பா இதே நாற்காலிக்கு எதுத்தாப்ல உக்காந்து சாப்பிடுவாரு. சரி, போ."

அப்பாவை இழுக்காமல் இருந்திருக்கலாம்.

ரஞ்சித் இன்று என்னைக் கூப்பிடாமலே சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

28.3.2025, வெள்ளி

ப்ரீத்திக்கு இன்று முதல் பரீட்சை, தமிழ். நன்றாக எழுதினாளாம்.

மேலிருந்து இரண்டு பேர் வந்து பாக்கியம் இல்லத்தை அளந்தார்கள். விசேஷம் நடக்கிற நாளாகப் பார்த்து, சொல்லாமல் போனார்கள். வாழை கட்டியிருந்ததாம், பந்தி நடந்ததாம். அளக்கப் போனவர்களையும் சாப்பிட உட்காரச் சொன்னார்களாம். சாப்பிடவில்லை என்றார்கள். நம்புகிறேன், வேறென்ன செய்ய.

31.3.2025

ரம்ஜான். ஆனாலும் வசூல் கவுன்டர் திறந்திருந்தது. மதியம் காளியாயியின் உத்தரவு வந்துவிட்டது: குடியிருப்பு. 2022லிருந்தே. பாக்கி பழைய கணக்குப்படி, தவணையில் கட்டலாம். நானே எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்துல் அஹத் பாய், பிரியாணி சாப்பிட்ட கையோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் இணைப்பைக் கொடுத்துவிட்டு வந்தார். "பண்டிகை நாள்ல நல்ல வேலையாக் குடுத்தீங்க" என்றார்.

நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அது போதும்.

3.4.2025, வியாழன்

தற்காலிகப் பணி நீக்கம். விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். ரசீது போடும் மெஷினையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது ஆட்டோ எதிரே வந்தது. "அன்பார்ந்த பொதுமக்களே, முதல் மாதத்துக்குள் செலுத்தினால் சலுகை..." வேறு பெண் குரல். என்னுடையதைவிடக் கனிவாக இருந்தது.

21.4.2025

பாக்கியநாதன் மேல்முறையீடு செய்திருக்கிறாராம். புது வரியில் இன்னும் ஒரு பைசா கட்டவில்லை. சித்திரை முகூர்த்தங்கள் வரிசையாக நடக்கின்றன. நேற்று பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், சீரியல் லைட் போட்டிருந்தது. வாசலில் பலகை மாறவில்லை. இல்லம்தான்.

பஸ்ஸில் பக்கத்து சீட் பெண்மணி, "இது நல்ல மண்டபம், சாப்பாடு நல்லா இருக்கும்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

19.5.2025

ப்ரீத்தி நானூற்று அறுபத்தொன்று. ரஞ்சித் ஸ்வீட் வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினார். மூன்று நாளுக்கு முன்னால்தான் முடிவு வந்தது, எழுத இன்றுதான் மனம் வந்தது.

30.5.2025, வெள்ளி

ப்ளஸ் ஒன் யூனிபார்ம் தைக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே டெய்லர் இருக்கிறார். நான் ப்ரீத்தியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அவள், எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டாள். நன்றாகத் தைப்பார்கள் என்றேன்.

சந்தில் சாக்கடை அப்படியேதான் வழிகிறது. வண்டியை வெளியே நிறுத்தி நடந்தோம். தகரப் பலகையைத் திரும்ப மாட்டியிருந்தாள், புதிதாகப் பெயின்ட் அடித்து.

காளியாயி என்னைப் பார்த்தாள். ப்ரீத்தியைப் பார்த்தாள். "வாம்மா" என்றது ப்ரீத்தியைத்தான். நாடாவை எடுத்து அளந்தாள். தோளை அளந்து எழுதிவிட்டு, அழித்துவிட்டு, மறுபடியும் அளந்தாள்.

"வளர்ற புள்ள. ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விடுறேன், அடுத்த வருசமும் ஆகும்" என்றாள்.

அவள் சொன்ன கூலியை எடுத்து நீட்டினேன். "பாதி போதும். மீதி துணி வாங்கும்போது" என்றாள். ஒரு சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள். தினம் வேலைக்குப் போகும் முன்னால் பெரியண்ணன்தான் எழுதப் பழக்கினாராம், கைநாட்டு வைத்தது போதும் என்று.

"யாரு பேருல எழுதட்டும்?"

"தமிழ்மணி. உறையூர்."

தலையை நிமிர்த்தாமலே, "தெரியும்" என்றாள். "ரசீது வேணும்னுதான கேப்பீங்க, அதான் எழுதுறேன்." ப்ரீத்தி ஏனோ சிரித்தாள்.

சீட்டைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.